அப்பா 31 வருடமாக வக்கீல் குமாஸ்தா. இ-ஃபைலிங் வந்த பிறகு அவருக்கு என்ன வேலை இருக்கும்?

சத்துவாச்சாரி_மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என் அப்பா வேலூரில் வக்கீல் குமாஸ்தா. 31 வருடமாக ஒரே ஆபீஸ். முதலில் பெரிய வக்கீலிடம் இருந்தார், அவர் காலமான பிறகு அவர் மகனிடம். காலையில் வழக்குக் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வீடு. பிராது (வழக்கு மனு) தாக்கல் செய்வது, வக்காலத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுவது, சம்மன் அனுப்புவதற்கான பேட்டா (கட்டணம்) கட்டுவது, நகல் மனு போடுவது, குறை இருக்கிறது என்று கோர்ட் திருப்பிய, அதாவது ரிட்டர்ன் ஆன பேப்பரைச் சரிசெய்து மறுபடி கொடுப்பது, எந்தக் கோர்ட்டில் எந்தக் கேஸை எப்போது கூப்பிடுவார்கள் என்று வக்கீலுக்குச் சொல்வது, எல்லாம் அவர்தான். எங்கள் வீட்டில் யாருக்காவது நிச்சயதார்த்தத் தேதி பார்த்தால்கூட முதலில் அப்பாவின் வாய்தா (வழக்குத் தேதி) டைரியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்போது தாக்கல் எல்லாம் ஆன்லைனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சின்ன வக்கீல் ஒரு பையனை வேலைக்கு வைத்திருக்கிறார். அவன் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே தாக்கல் செய்துவிடுகிறான். போன மாதம் அப்பாவிடம், "அண்ணா, இனிமே நீங்க வாரத்துல மூணு நாள் வந்தா போதும்" என்று சொல்லியிருக்கிறார். மரியாதையாகத்தான் சொன்னாராம். ஆனால் சம்பளமும் பாதி ஆகிவிட்டது. அப்பாவுக்கு 58 வயது. வீட்டில் உட்காரும் நாட்களில் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா புரட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்குப் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டரைத் தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயப்படுகிறார். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பத் தெரியும், அவ்வளவுதான். அவர் இந்த வயதில் என்ன கற்றுக்கொண்டால் பிரயோஜனம்? இல்லை, "போதும்பா, விட்டுடு" என்று சொல்லிவிடலாமா? கோர்ட் விஷயம் தெரிந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை_வக்கீல்

அம்மா, நான் ராணிப்பேட்டை, வாலாஜா, வேலூர் மூன்று இடத்திலும் ஆஜராகிறவன், 22 வருடம் ஆகிறது. விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இ-ஃபைலிங்கில் மாறியது நடையும் வரிசையும்தான். பிராதில் தப்பு இருந்தால் ரிட்டர்ன் ஆவது மாறவில்லை. முன்பு குறைகளை எழுதிய செக் ஸ்லிப்போடு பேப்பர் கைக்கு வரும், குமாஸ்தா பார்த்துவிட்டு "சார், வேல்யுவேஷன் தப்பு, கோர்ட் ஃபீ பத்தல" என்று சொல்லிவிடுவார். இப்போது அதே குறை கணினித் திரையில் வந்து நிற்கிறது. ஓ.டி.பி. வக்கீலின் கைப்பேசிக்கு வரும், குறைப்பட்டியல் வக்கீலின் கணக்கில் கிடக்கும், வக்கீல் வேறு கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் இருப்பார். தினமும் திறந்து பார்க்க ஒரு ஆள் இல்லையென்றால் நாள் ஓடிவிடும். என் சொந்த ஆபீசிலேயே இது நடந்தது. திருப்பப்பட்ட ஒரு மேல்முறையீடு கணக்கில் கிடந்தது, யாருமே பார்க்கவில்லை. எங்கள் குமாஸ்தா அண்ணன்தான் தன் நோட்டில் தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். "சார், முப்பது நாள், நகல் வாங்கின நாளைக் கழிச்சா இன்னும் நாலு நாள்தான் இருக்கு, நம்பர் ஆச்சா?" என்று, அதாவது கோர்ட் ஏற்று வழக்கு எண் கொடுத்துவிட்டதா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் ஒரு குடும்பத்தின் வீடு தப்பியது.

காலக்கெடு என்பது சாதாரணம் இல்லை. முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீலுக்கு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். செக் பவுன்ஸ் என்றால் வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் காத்திருப்பு, அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். கொரோனா காலத்தில் உச்சநீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரையான நாட்களைக் காலக்கெடுவில் சேர்க்க வேண்டாம் என்று சொன்னது. அந்தக் கணக்கை எத்தனை பேர் குழப்பிக்கொண்டார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும். உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் இதையெல்லாம் விரல்விட்டுச் சொல்வார்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துக்கே உரியது. 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது, திருவண்ணாமலை தனியாகப் போனது. 1996-ல் இந்தப் பக்கத்துக்கு வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்தது. 2019-ல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வாலாஜாவில் ஒரே நிலத்துக்கு மூலப்பத்திரத்தில் வட ஆற்காடு, மகன் பேரில் எழுதிய பாகப்பிரிவினையில் வேலூர், பேரன் வாங்கிய பட்டாவில் ராணிப்பேட்டை என்று இருக்கும். சர்வே எண்ணும் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுத் திருத்தம் நடந்த காலத்தில் மாறியிருக்கும். ஆன்லைனில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் நாம் கொடுத்த எண்ணுக்குத்தான் விடை வரும், பழைய எண் எது என்று அதுவாகச் சொல்லாது. செக்குபந்தியை (நான்கு எல்லை விவரத்தை) படித்து "கிழக்கே ஏரிக்கால்வாய் என்றால் இது அந்த மனை இல்லை" என்று சொல்ல ஆள் வேண்டும். ஸ்கேன் செய்கிற பையனுக்கு அது தெரியாது, பாவம், அவன் தப்பு இல்லை.

அதனால் சின்ன வக்கீலிடம் அப்பா பேசட்டும். தாக்கலுக்கு முன்பு ஒவ்வொரு பிராதையும் சொத்து விவரத்தையும் சரிபார்ப்பது, தினமும் காலையும் மாலையும் கணக்கைத் திறந்து ரிட்டர்ன் பார்ப்பது, காலக்கெடுப் பட்டியல் வைத்திருப்பது. இந்த மூன்றையும் "என் வேலை" என்று கேட்டு வாங்கட்டும். முழுச் சம்பளத்துக்கு உரிய வேலை அது.

ஓய்வுபெற்ற_சிரஸ்தார்

வக்கீல் சார் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நான் 28 வருடம் கோர்ட் ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய முறையை நினைத்து யாரும் ஏங்க வேண்டாம். ஒரு கட்டு காணாமல் போய் எட்டு மாதம் ஒரு விதவை அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கோர்ட் என்று எழுத விரும்பவில்லை. "நம்பர் ஆகணும்னா" என்று இழுத்துப் பேசி டீக்காசு என்ற பெயரில் வாங்கியதும் நடந்தது. யார் வாங்கினார்கள் என்பதைவிட, கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஜனங்கள் நம்பியதுதான் எனக்கு வலித்தது. இப்போது தாக்கல் ஆன தேதி, நேரம் எல்லாம் பதிவாகிறது. "உங்க பேப்பர் வரவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. அது பெரிய விடுதலை.

ஆனால் இதை ஒரேயடியாகப் புகுத்தினால் சின்ன ஊர்களில் கஷ்டம். இ-ஃபைலிங் கட்டாயம் என்றபோது வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. நெட் வராத நாளில் காலக்கெடு முடிகிறவன் என்ன செய்வான்? மத்திய அரசு 2023-ல் நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஸ்கேனரும் சர்வரும் வாங்குவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதோடு ஒவ்வொரு தாலுகா கோர்ட்டிலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் உட்கார வேண்டும்.

அம்மா, அப்பா பதிவு பெற்ற குமாஸ்தாதானே? தமிழ்நாட்டில் வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கென்று 1999-ல் சேமநல நிதிச் சட்டம் வந்தது. அவர் அதில் உறுப்பினராக இருக்கிறாரா, சந்தா விடுபடாமல் கட்டியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பல பேர் அடையாள அட்டை வாங்கியதோடு விட்டுவிட்டார்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

காட்பாடி_ஜூனியர்

அக்கா, நான் வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் படித்து இரண்டு வருடமாக ஜூனியராக இருக்கிறேன். உங்கள் அப்பா இடத்தில் இருக்கிற ஒருவரிடம்தான் நான் கோர்ட் வேலையே கற்றுக்கொண்டேன், அதனால் இதைப் படித்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் தலைமுறைக்கு ஏஐ வந்துவிட்டது. நானும் பயன்படுத்துகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. நீளமான ஆங்கிலத் தீர்ப்பைச் சுருக்கிப் புரிந்துகொள்ள உதவுகிறது. ஆனால் ஒரு தடவை பாதை உரிமை வழக்கு ஒன்றுக்கு முன்தீர்ப்பு கேட்டேன், வழக்கின் பெயர், வருடம், பக்க எண் எல்லாம் போட்டு அழகாக ஒன்றைக் கொடுத்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கும் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தேடினேன் (2023 ஜனவரியிலிருந்து எல்லோருக்கும் இலவசம்), அப்படி ஒரு தீர்ப்பே இல்லை. அந்தப் பக்க எண்ணில் வேறு ஏதோ வரி வழக்கு. சீனியரிடம் கொடுத்திருந்தால் அவர் பெயர் கெட்டிருக்கும். 2023-ல் நியூயார்க்கில் இப்படித்தான் இல்லாத தீர்ப்புகளை நம்பித் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கையே வெளியிட்டது, தீர்ப்பு எழுதவோ முடிவெடுக்கவோ ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஒருவருடைய வீட்டை, குழந்தையை, ஜாமீனைப் பற்றி முடிவெடுப்பவர் எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது அப்பா விஷயம். அவருக்கு டைப்பிங் வேண்டாம், கைப்பேசியில் தமிழ்க் குரல் தட்டச்சு கற்றுக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறவருக்கு இது இரண்டு நாள் வேலை. மைக் படத்தை அழுத்திப் பேசினால் எழுத்தாக வரும், அப்புறம் சர்வே எண், தேதி, பெயர் மட்டும் கண்ணால் சரிபார்க்க வேண்டும், அதில்தான் தப்பு வரும். இன்னொரு லாபம், அது யூனிகோடில், அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிகிற எழுத்து முறையில் வரும். நம்ம ஊர் டைப்பிங் சென்டர்களில் இன்னும் பாதிப் பேர் பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது, தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, நாம்தான் இன்னும் மாறவில்லை. பத்து வருடம் கழித்து ஒருவர் தன் தாத்தாவின் வழக்கைத் தேடும்போது அந்தப் பிராது தேடலில் வர வேண்டாமா? இதை யாரும் கவலையாக எடுத்துக்கொள்வதே இல்லை, எனக்கு ரொம்ப ஆதங்கம்.

ஆம்பூர்_பாய்

தங்கச்சி, நான் வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை, வழக்கு நடத்துகிற கட்சிக்காரன். ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். வேலை வாங்கிவிட்டு ஒருவர் கொடுத்த செக் திரும்பிவிட்டது, அதில் ஒரு கேஸ், பாக்கிப் பணத்துக்குத் தனியாக ஒரு சிவில் கேஸ். நாலு வருடமாக நடக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய மாற்றம் ஒவ்வொரு கேஸுக்கும் தனியாகக் கொடுக்கிற அந்த சி.என்.ஆர். நம்பர்தான். பதினாறு எழுத்தும் எண்ணுமாக ஒரு நம்பர், இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் என் கேஸின் அடுத்த தேதி, முன்னால் என்ன நடந்தது எல்லாம் வரும். முன்பெல்லாம் ஒரு தேதி தெரிந்துகொள்ள மூன்று போன் போட வேண்டும், வக்கீல் எடுக்க மாட்டார், நான் அவரைச் சந்தேகப்படுவேன், வீட்டில் சண்டை வரும். இப்போது சந்தேகம் போய்விட்டது. ஆனால் ஆப்பில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு என்ன புரியும்? எங்கள் வக்கீலின் குமாஸ்தா ஐயாவுக்கு போன் போட்டால், "ஒண்ணும் பயப்படாதீங்க பாய், எதிராளிக்கு இன்னும் சம்மன் சேரல, விலாசம் மாத்திக் கொடுக்கணும்" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு எப்போதும் கடமைப்பட்டவன்.

இன்னொன்று சொல்கிறேன், இதைப் படிக்கிற வியாபாரிகளுக்கு உதவும். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் பேசியிருந்தோம். ஸ்க்ரீன்ஷாட்டைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். போதாது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் இரண்டு பாகம், முதல் பாகம் போனை வைத்திருக்கிறவர் கையெழுத்துப் போடுவது, இரண்டாம் பாகம் நிபுணர் கொடுப்பது. ஹாஷ் மதிப்பு என்று ஒன்றைக் குறிக்க வேண்டும், ஃபைலின் கைரேகை மாதிரி, ஒரு எழுத்தை மாற்றினாலும் அது மாறிவிடும். நான் அதற்குள் போனையே மாற்றிவிட்டேன், பழைய போனை என் தம்பி மகன் விளையாட எடுத்துக்கொண்டான். அதைத் தேடிப் பிடித்து வாங்கிவரச் சொன்னது யார் தெரியுமா, அதே குமாஸ்தா ஐயாதான். "பழைய போனை அழிக்காதீங்க, வீட்டு பீரோவுல வெச்சுப் பூட்டுங்க" என்றார். அவர் சட்டம் படித்தவர் இல்லை.

அதனால் அப்பாவிடம் சொல்லுங்கள், எங்களை மாதிரி ஆட்களுக்கு அவர் வேண்டும் என்று.

குடியாத்தம்_தறிவீடு

பாய் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் ஜீவனாம்ச வழக்கில் என் கணவர் பெங்களூரிலிருந்து வீடியோவில் வருகிறேன் என்று கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை, நேரில் பார்த்துப் பேசினால்தானே சமரசம் ஆகும்? 2017-ல் உச்சநீதிமன்றமே குடும்ப வழக்குகளில் சமரசப் பேச்சு நடக்கும் கட்டத்தில் வீடியோ வேண்டாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னது என்று என் வக்கீல் அம்மா விளக்கினார். அதே சமயம் எனக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு நாள் பஸ் ஏறி வேலூர் வர முடியாமல் தவித்தபோது, வீடியோ இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மைதான்.

பணம் இல்லாதவர்கள் பெண்களாக இருந்தால் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் சொல்வார்கள். இதுவும் பலருக்குத் தெரியாது, எனக்கும் ஒரு குமாஸ்தாதான் சொன்னார்.

சத்துவாச்சாரி_மகள்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு எல்லாப் பதிலையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாய் எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். சேமநல நிதியில் உறுப்பினர்தான், ஆனால் இடையில் சந்தா விட்டுப்போயிருக்கிறது போல, திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன் என்றார். சிரஸ்தார் சார், நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தோன்றியே இருக்காது.

குரல் தட்டச்சு முயற்சி செய்தோம். முதலில் மேடையில் பேசுகிற மாதிரி சத்தமாகப் பேசினார், அப்புறம் சாதாரணமாகப் பேசச் சொன்னேன். "செக்குபந்தி" என்று சொன்னால் அது வேறு எதையோ எழுதுகிறது. மூன்று முறை திருத்திவிட்டு, "இதுக்கு நம்ம ஊர் பேச்சு தெரியல, பழக்கிடலாம்" என்றார்.

வக்கீல் சார் சொன்ன மூன்று வேலையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டார், சின்ன வக்கீலிடம் அவரே பேசுகிறாராம், நான் வரக்கூடாதாம். இன்று காலையில் ஆபீசில் இருக்கிற அந்தப் பையனுக்கு போன் போட்டார். எல்லாக் கேஸின் சி.என்.ஆர். நம்பரையும் எடுத்துத் தரச் சொன்னார், ஒவ்வொரு கட்டின் மேலும் எழுதி ஒட்ட வேண்டுமாம், டைரியிலும் வாய்தாவுக்குப் பக்கத்தில் எழுத வேண்டுமாம். பதிலுக்கு அந்தப் பையனுக்குப் பழைய பத்திரம் படிக்கச் சொல்லித்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வருகிறான், அம்மா அவனுக்கும் சேர்த்துச் சமைக்கப் போகிறார்.